பூவாடைக்குச் சுட்ட கலயம்

இடது கையின் விரல் நுனிகள் மட்டும் கலயத்தின் அடியைத் தாங்கியிருந்தன. உள்ளங்கை படவில்லை, பட்டால் ஓசை செத்துவிடும். வலது கையின் நடுவிரல் மடிந்து, முட்டியால் வயிற்றில் ஒரு தட்டு, தோளில் ஒரு தட்டு, கழுத்துக்குக் கீழே ஒரு தட்டு தட்டியது. எங்கே தட்டினாலும் ஒரே ஓசை, நீண்டு, மெலிந்து, அடங்கியது. கை கலயத்தைத் திருப்பிப் பிடித்து மறுபடியும் தட்டியது. உள்ளே எங்காவது கீறல் இருந்தால் தகர டப்பாவைத் தட்டியதுபோல ஒரு கரகரப்பு கேட்கும். கேட்கவில்லை. பிறகு அந்தக் கைகள் ஒரு காய்ந்த துணியை எடுத்துச் சாம்பலைத் துடைத்தன. மற்ற பானைகளை ஈரத் துணியால் துடைப்பதுதான் வழக்கம். இந்தக் கலயத்துக்கு ஈரம் ஆகாது. சூளையை விட்டு வந்தபின் இது தொடவேண்டிய முதல் தண்ணீர், மயிலத்துக்கு மேற்கே வேர்க்கடலை விளையும் ஒரு மல்லாட்டைக் கொல்லையின் நடுவில் இருக்கும் கிணற்றில் இருந்தது.

வேணி கலயத்தை வைக்கோல் வளையமான புரிமணையில் உட்கார்த்திக் கொட்டகையின் மூலையில் வைத்தாள். கூட்டேரிப்பட்டிலிருந்து உள்ளே போகிற சாலையில், ஒரு புளியமரத்துக்குப் பின்னால் இருக்கிறது அவளுடைய கொட்டகையும் சூளையும். திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே நெடுஞ்சாலையில் இருக்கும் பானை பிரியாணிக் கடைகள் பலவற்றுக்கு அவள்தான் பானை கொடுக்கிறாள். அந்த வேலைக்கு நடுவே எப்போதாவது இப்படி ஒரு கலயமும் வரும்.

அது பூவாடைக் கலயம். இந்தப் பக்கத்தில் ஒரு வீட்டுப் பெண் கல்யாணமாகாமல் செத்துப்போனால் அவள் அந்த வீட்டுக்குப் பூவாடைக்காரி ஆகிவிடுகிறாள். அவளைக் கேட்காமல் வீட்டில் நல்ல காரியம் எதுவும் நடக்காது. கல்யாணத்துக்கு முன்னால் தண்ணீர்க்கரைக்குப் போய், பம்பை அடித்து, பேர் சொல்லி அழைத்து, புதுக் கலயத்தில் அவளை மொண்டு வீட்டுக்குக் கொண்டுவருவார்கள். புதுத்துணி வைத்துப் படைத்த பிறகுதான் பந்தக்கால். கலயம் கேட்டிருந்த வெள்ளையம்மாள் வீட்டில் இன்னொரு வழக்கமும் உண்டு. செத்தவளின் உயிர் போன தண்ணீரின் அடிமண்ணில் இரண்டு கைப்பிடி எடுத்துக் கலயத்து மண்ணோடு சேர்க்க வேண்டும். அந்த மண்ணிலிருந்து எதையும் பொறுக்கி எறியக் கூடாது. அதில் இருப்பதெல்லாம் அவளுடையது.

மறுநாள் உச்சி வேளை. வேணி பிரியாணிப் பானைகளுக்கு விளிம்பு வழித்துக்கொண்டிருந்தாள். கொட்டகையில் வேறு யாருமில்லை. புளியமரத்தில் ஓர் இலை அசையவில்லை. மூலையிலிருந்து, நகத்தை நகத்தால் சுண்டியதுபோல ஓர் ஓசை வந்தது. டிக்.

திரும்பினாள். கலயம் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. அதன் வயிற்றிலிருந்து கட்டைவிரல் நகத்தளவு ஒரு சில்லு கழன்று புரிமணையின் மேல் விழுந்திருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் குழியிலிருந்து ஒரு விரிசல் புறப்பட்டு, அவசரமே இல்லாமல், கழுத்தை நோக்கி ஏறியது.

பானை சூளையில் உடையும். கை தவறினால் உடையும். வண்டியில் ஏற்றும்போது உடையும். சும்மா உட்கார்ந்திருக்கும் பானை உடைந்து அவள் பார்த்ததில்லை.

வெள்ளையம்மாளுக்கு போன் போட்டுச் சொன்னாள். வெள்ளையம்மாள் கேட்டது ஒன்றுதான்.

"உன் கை கிய் பட்டுச்சா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அத்தோடு போயிருக்கும். வேணிக்கு அப்படிச் சொல்ல வரவில்லை.

"யாரும் தொடலக்கா. தானா ஒடஞ்சிது."

அந்த ஒரு சொல்லுக்காகப் பின்னால் அவள் பல தடவை வருத்தப்பட்டிருக்கிறாள். ஆனால் நடந்ததை மாற்றிச் சொல்லும் பழக்கம் அவளிடம் எப்போதும் இல்லை.

வேணி பிறந்தது திருவக்கரைப் பக்கம். மரம் கல்லாகிப் படுத்துக்கிடக்கும் மேட்டுக்கு அந்தப் பக்கத்துச் சிற்றூர். சின்ன வயதில் ஆடு ஓட்டிக்கொண்டு போகும்போது அந்தக் கல்மரங்களில் உட்கார்ந்து இளைப்பாறியிருக்கிறாள். பட்டையும் கணுவும் அப்படியே இருக்கும். தொட்டால் சில்லென்று கல். அதனால் ஒன்று இன்னொன்றாக மாறுவது அவளுக்குப் பெரிய ஆச்சரியமாகத் தோன்றியதில்லை. எப்படி மாறுகிறது என்பதுதான் தெரிய வேண்டும்.

கல்யாணமாகி வந்த வீட்டில் சூளை வைப்பது ஆண்களின் வேலை. பெண்கள் மண் மிதிக்கலாம், பானையைத் தட்டி வயிறு எடுக்கலாம். நெருப்பு வாய்க்கு முன்னால் நிற்கக் கூடாது. மாமனார் போனபின் கணவன் வேங்கடேசன் ஷேர் ஆட்டோ ஓட்டப் போய்விட்டான். மண்ணில் அவனுக்கு மனம் ஒட்டவில்லை, ஸ்டீயரிங்கில் ஒட்டியது. சுடாத பானைகள் வீடு நிறைய அடுக்கியிருந்த ஒரு பங்குனியில் வேணியே நெருப்பு வைத்தாள். பாதிக்கு மேல் வெடித்தன. அவள் அழவில்லை. உடைந்த ஒவ்வொன்றையும் எடுத்து, உடைந்த வாயை, அந்த முறிவின் ஓரத்தைப் பார்த்தாள். நடுவில் கறுப்பாக இருந்தால் உள்ளே வேகவில்லை. ஏடு ஏடாக உரிந்திருந்தால் ஈரம் போகுமுன் தீயைக் கூட்டிவிட்டாள். சுட்டு எடுத்ததை விட உடைந்ததைப் பார்த்துத்தான் அவள் வேலை கற்றாள். இன்றும் சூளை பிரித்தால் முதலில் நல்ல பானையை எடுக்க மாட்டாள், உடைந்ததைத் தேடுவாள்.

மாமனார் வைக்கோல் போட்டு மெல்லச் சுடுவார். பிரியாணிக் கடைக்காரர்கள் பானையைப் பெரிய கேஸ் அடுப்பில் ஏற்றுகிறவர்கள். அந்தச் சூடு தாங்க மண் இன்னும் நன்றாக வேக வேண்டும். அதனால் வேணி சவுக்கு மிளாறும் தென்னை மட்டையும் வைத்துத் தீயை ஒரு படி மேலே ஏற்றக் கற்றுக்கொண்டாள். அவளுடைய பானை கண்ணாடி மாதிரி ஓசை தரும். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

வெள்ளையம்மாளின் மூத்த பெண் அருணா அந்தக் கிணற்றில் செத்துப்போய்ச் சில வருடம் ஆகிறது. பெண் பார்க்க வந்துபோன மறுநாள். படியில் பாசி, கால் வழுக்கிவிட்டது என்று வீட்டில் சொன்னார்கள். ஊர் வேறு சொன்னது. ஆஸ்பத்திரியில் அறுத்துப் பார்த்துத் தைத்துக் கொடுத்ததை வாங்கிவந்து எரித்தார்கள். இப்போது இளையவள் கலைமதிக்கு வைகாசியில் கல்யாணம் பேசியிருந்தது. மாப்பிள்ளை கோபி, விழுப்புரத்தில் செல்போன் கடை வைத்திருக்கிறவன். அவன் வீட்டிலும் பூவாடை கும்பிடுகிறவர்கள்தான். அதனால் கலயம் உடைந்த செய்தி அவர்களுக்கு விளக்கம் தேவைப்படாத செய்தியாக இருந்தது.

இரண்டாவது கலயத்துக்கு மண் கொண்டுவந்தது கலைமதி. ஸ்கூட்டியின் முன்னால் ஒரு தூக்குப் போசியில், கறுத்துக் குழைந்த சேறாக இருந்தது. வேணி தன் ஏரிமண்ணைக் கரைத்து, துணியில் வடிகட்டி, தெளியவைத்து, மாவு போலாக்கியிருந்தாள். கிணற்று மண்ணை மட்டும் வழக்கப்படி அப்படியே சேர்த்துப் பிசைந்தாள். விரலில் சிறுசிறு நெருடல்கள் பட்டன. எடுத்து எறியக் கை பரபரத்தது. எறியவில்லை.

இந்தத் தடவை கலயத்தை நிழலில் வெகுநாள் காயவிட்டாள். சூளையில் நடுவில் வைத்தாள், நெருப்பு நாக்கு நேராகத் தீண்டாதபடி சுற்றிலும் பெரிய பானைகள். விடிந்ததும் புகை மட்டும் போட்டாள். மண்ணுக்குள் இருக்கும் தண்ணீர் முழுக்க வெளியேறும் வரை தீயைக் கூட்டக் கூடாது. அதைத் தெரிந்துகொள்ள அவள் ஒரு எவர்சில்வர் தட்டை மேல் ஓட்டைக்கு நேரே நீட்டுவாள். தட்டு வியர்த்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. வியர்க்காமல் வெறும் புகை படிந்தால் தீயைக் கூட்டலாம். அன்று தட்டு வழக்கத்தை விட வெகுநேரம் வியர்த்துக்கொண்டே இருந்தது. துடைத்துவிட்டு மறுபடி நீட்டினாள். மறுபடியும் வியர்த்தது. புகையில் ஒரு வாடை அடித்தது. சூடேறும் மண்ணின் வாடை இல்லை. பாசியும் நனைந்த படிக்கல்லும் கலந்த வாடை, கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கும்போது முகத்தில் ஏறுமே, அது. சவுக்குப் புகையை மீறிக்கொண்டு அது கொட்டகை முழுக்க நின்றது. சாப்பிட வந்த வேங்கடேசன் மூக்கைச் சுளித்துக்கொண்டான்.

"இன்னா வேணி, சூளைக்குள்ள கெணறு வெட்டறியா?"

சொல்லிவிட்டு அவனே சிரிக்காமல் சோற்றுத் தட்டோடு வெளியே போய் ஆட்டோவில் உட்கார்ந்து சாப்பிட்டான்.

கலயம் நல்லபடியாக வந்தது. செக்கச்செவேல் என்று இருந்தது. தட்டினால் நீண்டு ஒலித்தது. வேணி அதைத் துணியில் சுற்றி ஒரு மரப்பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டாள். பூனையோ எலியோ தொட்டுவிட்டது என்று சொல்ல இடமிருக்கக் கூடாது. ஒருநாள் போயிற்று. இன்னொரு நாளும் போயிற்று. ஒவ்வொரு தடவை பெட்டியைக் கடக்கும்போதும் அவள் காது அந்தப் பக்கம் சாய்ந்தது. பெட்டி பேசாமல் இருந்தது.

கலயத்தை வாங்கிப்போகக் கலைமதி வந்தாள். மத்தியானம் தாண்டி, மரக்காணத்துப் பக்கமிருந்து கடல்காற்று நுழைய ஆரம்பித்திருந்த நேரம். வேணி துணியைப் பிரித்து, கலயத்தைப் புரிமணையில் வைத்தாள். கலைமதி அதைக் கையில் எடுக்கவில்லை. முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு குனிந்து, கலயத்தின் வாயில் தன் வாயை வைப்பதுபோல முகத்தைக் கொண்டுபோனாள். வேணி காதில் விழக்கூடாது என்று நினைத்துத்தான் பேசினாள். ஆனால் கலயம் அந்தக் குரலைத் தன் வயிற்றில் வாங்கிப் பெரிதாக்கி வெளியே விட்டது.

"அக்கா, நான் பண்ணிக்கறது உனக்கு வேணாம்னா சொல்லிடு. நிறுத்திடறேன்."

டிக்.

வேணி அதைக் கண்ணாலும் பார்த்தாள். தோளிலிருந்து ஒரு சில்லு தெறித்துக் கலைமதியின் மடியில் விழுந்தது. கலைமதி அலறவில்லை. பின்னால் நகரவுமில்லை. முகத்தை மட்டும் மெதுவாக நிமிர்த்தி, ஏதோ கேட்டு வாங்கியவளைப் போல, அந்தச் சில்லை விரலால் தொட்டாள்.

"சொல்லிட்டா," என்றாள்.

அவள் போனபின் வேணி கொட்டகையில் தனியாக இருந்தாள். கலயத்தின் பக்கம் போக அவளுக்குக் கால் வரவில்லை. இத்தனை வருடத்தில் சூளைக்கு முன்னால் அவள் பயந்தது நெருப்புக்கு மட்டும்தான். இப்போது வந்தது நெருப்பு பற்றிய பயமில்லை. ஆனாலும் உடைந்த வாயைப் பார்க்காமல் அவளால் ஒரு பானையை விட முடியாது. கலயத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தாள்.

சில்லு போன குழியின் நடுவில், ஊசி முனையை விடச் சற்றுப் பெரிதாக, ஒரு வெள்ளைப் புள்ளி இருந்தது. நகத்தால் சுரண்டினாள். மாவாக வந்தது. நாக்கில் வைத்தாள். சுரீரென்று பற்றியது. வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பு.

முதல் கலயத்தின் ஓடுகளைக் குப்பையில் போடாமல் வைத்திருந்தாள். அதன் குழியிலும் அதே வெள்ளை. இப்போது விளங்கியது. கிணற்றுச் சேற்றில் இருந்த நெருடல்கள் நத்தை ஓடுகள். அவளுடைய தீயின் சூட்டில் அவை வெந்து சுண்ணாம்பாகிவிட்டன. வெந்த சுண்ணாம்பு தண்ணீருக்கு ஏங்கும். காற்றில் இருக்கும் ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்து, ஊதி, சுற்றியுள்ள மண்ணை உடைத்துக்கொண்டு வெளியே வரும். மாமனாரின் வைக்கோல் தீயாக இருந்திருந்தால் ஓடு ஓடாகவே கிடந்திருக்கும்.

காரணம் தெரிந்ததும் பயம் போய்விடும் என்று அவள் நினைத்திருந்தாள். போகவில்லை. அடுத்த நாளே கலைமதியை வரவழைத்து வெள்ளைப் புள்ளியைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னாள். கலைமதி கவனமாகக் கேட்டாள்.

"ரெண்டு நாளா சும்மாதான இருந்துச்சு? நான் கேட்டப்போ மட்டும் எதுக்கு ஒடஞ்சிது?"

"உன் மூச்சுல ஈரம் இருக்குதும்மா. அது பட்டிருக்கும்."

கலைமதி கலயத்தைத் தன் பக்கம் திருப்பினாள்.

"அப்ப என் மூச்சு பட்டுத்தான் ஒடஞ்சா."

வேணி ஓடுகளை அள்ளி ஒதுக்கி வைத்தாள்.

பம்பைக்காரர் ஜெகதீசன் வந்து கலயத்தைப் பார்த்துவிட்டுப் போனார். மூன்றாவதும் நிற்கவில்லை என்றால் அருணாவுக்கு வர மனமில்லை என்றுதான் அர்த்தம், அப்புறம் தான் பம்பையைத் தோளில் மாட்டப் போவதில்லை என்று சொல்லிவிட்டார். கோபி வீட்டிலும் அதையே வேறு வார்த்தையில் சொன்னார்கள்: மூன்றாவது கலயத்தைப் பார்த்துக்கொண்டு மேற்கொண்டு பேசலாம். பத்திரிகை அச்சடிக்கக் கொடுத்ததை நிறுத்தி வைத்தார்கள். கலைமதி யாரோடும் சண்டை போடவில்லை, அழவுமில்லை. கோபி போன் செய்தால் எடுப்பதை மட்டும் நிறுத்தினாள். அக்காள் ஒருமுறை சொன்னது போதும், திரும்பத் திரும்ப அவளைச் சொல்லவைக்க வேண்டாம் என்று தாயிடம் சொல்லியிருந்தாள்.

வேணி, வேங்கடேசனின் ஆட்டோவில் வெள்ளையம்மாள் வீட்டுக்குப் போனாள். போகும் வழியெல்லாம் மூன்று வழி யோசித்து வைத்திருந்தாள். ஒன்று, செங்கல் சூளைக்காரர்கள் சுண்ணாம்புக் கல்லுக்குப் பயந்து செய்வதுபோல, சுட்ட சூட்டோடு தண்ணீரில் முக்கிவிடுவது. ஆனால் முதல் தண்ணீர் கிணற்றுத் தண்ணீர்தான் என்பதால் அது ஆகாது. அடுத்தது, கிணற்று மண்ணைக் கரைத்து வடிகட்டி நத்தையை எறிந்துவிடுவது. மூன்றாவது வழி, கிணற்று மண்ணையே சேர்க்காமல் ஒரு கலயம் சுட்டுக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொள்வது. அது யாருக்கும் தெரியப்போவதில்லை. மயிலம் மலைக் கோயில் கண்ணில் பட்டபோது அதை விட்டுவிட்டாள்.

வெள்ளையம்மாள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். வடிகட்டுவதைப் பற்றி வேணி சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருந்தாள்.

"வாணாம் வேணி. அவள ஒருவாட்டி அறுத்து, வேணும்றத எடுத்துக்கினு, மிச்சத்த தெச்சிக் குடுத்தாங்க. இனிமே அவகிட்ட இருந்து ஒரு தூசி எடுக்க நான் ஒத்துக்க மாட்டேன். கல்யாணம் நின்னாலும் செரி."

வேணி அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். மாட்டுக் கொட்டகையின் ஓரத்தில் ஒரு ஏந்திரம் கிடந்தது, கேப்பை அரைக்கிற கல். மேல்கல்லில் சிலந்தி வலை கட்டியிருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெரிய மணியாக இருந்தால்தானே ஊதி உடைக்கும்? மாவாகிவிட்டால் மண்ணோடு மண்ணாகிவிடும், உடைக்க அதற்கு வலு இருக்காது. எதையும் எறிய வேண்டியதில்லை. எல்லாவற்றையும் அரைத்துவிடலாம்.

வேணி அதைச் சொன்னாள். வெள்ளையம்மாள் போய் ஏந்திரத்தைத் துடைத்தாள்.

கிணற்றிலிருந்து புதிதாக எடுத்த இரண்டு கைப்பிடி மண்ணை முறத்தில் பரப்பிக் காயவைத்து, கட்டி கட்டியாக உடைந்ததும், இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். வெள்ளையம்மாள் குழியில் போட்டாள். வேணி பிடியைச் சுற்றினாள். கல்லுக்கு நடுவில் நத்தை ஓடுகள் நொறுங்கும் சத்தம் முதலில் பெரிதாகவும் பிறகு பற்களை நெருநெருவென்று கடிப்பதுபோலவும் கேட்டது. அரைத்ததைப் பழைய வேட்டித் துணியில் சலித்தார்கள். துணியின் மேல் நின்றதை மறுபடி கல்லில் போட்டார்கள். மறுபடி சலித்தார்கள். வெயில் கொல்லையை விட்டு நகர்ந்துகொண்டிருந்தது. ஒரு கட்டத்தில் இருவரும் ஒரே பிடியைச் சேர்ந்து பிடித்துச் சுற்றிக்கொண்டிருப்பதை வேணி கவனித்தாள். எப்போது அப்படி ஆனது என்று தெரியவில்லை.

கடைசியில் துணியில் ஒரே ஒரு துணுக்கு நின்றது. மற்றதெல்லாம் மாவாகிக் கீழே இறங்கிவிட்டது. இது மட்டும் மூன்று நான்கு தடவை கல்லுக்குள் போய்த் திரும்பி வந்துவிட்டது. மஞ்சள் பாய்ந்த வெள்ளை. ஒரு பக்கம் வழவழப்பு. எலும்புத் துணுக்கு போலிருந்தது. மீனுடையதாக இருக்கலாம், கிணற்றில் விழுந்த ஓணானுடையதாக இருக்கலாம். இருவரும் குனிந்து பார்த்தார்கள். இருவரும் அது என்னவென்று கேட்டுக்கொள்ளவில்லை. வெள்ளையம்மாள் அதை இரண்டு விரலால் எடுத்தாள். உள்ளங்கையில் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். பிறகு குழியில் போட்டு, பிடியை வேணியிடமிருந்து வாங்கி, தனியாகச் சுற்றினாள். அது நொறுங்கிய சத்தம் மற்றவை போல இல்லை. அடுத்த தடவை துணியில் ஒன்றும் நிற்கவில்லை.

மூன்றாவது கலயத்தை வேணி வழக்கமாக ஓடும் கைவேகத்தில் செய்யவில்லை. தட்டுப்பலகையை மெல்ல வைத்துத் தட்டினாள். உள்ளே பிடித்த கல்லுக்கும் வெளியே விழும் பலகைக்கும் நடுவில் மண் மெலிந்துகொண்டே போனது. விரலில் ஒரு நெருடல்கூட இல்லை. சூளை வைத்த அன்று பாசி வாடை வருகிறதா என்று காத்திருந்தாள். வரவில்லை. எவர்சில்வர் தட்டு சொன்ன நேரத்துக்குக் காய்ந்தது. பொழுது இறங்கும்போது நெருப்பு வாய் வழியாக உள்ளே பார்த்தாள். பானைகள் எல்லாம் செந்தணலாக, ஒன்றுக்கொன்று எல்லை தெரியாமல் எரிந்துகொண்டிருந்தன. நடுவில் இருந்த கலயம் மட்டும் மற்றவற்றைவிடக் கொஞ்சம் வெளிறித் தெரிந்தது, யாரோ ஒருத்தி அந்தக் கூட்டத்துக்குள் வந்து உட்கார்ந்திருப்பதுபோல. வேணி நெருப்பு வாயை ஓடு வைத்து அடைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குள் போனாள்.

சூளை முழுக்க ஆறும்வரை கை வைக்கவில்லை. பிரித்தபோது கலயம் முழுசாக இருந்தது. ஆனால் சிவப்பாக இல்லை. சுற்றியிருந்த பானைகள் செங்கல் நிறத்தில் இருக்க, இது சந்தனத்தைச் செம்மண்ணில் குழைத்த நிறத்தில் இருந்தது. நத்தை மாவு மண்ணோடு கலந்து வெந்தால் சிவப்பை வெளுக்கவைக்கும் என்பதை அவள் ஊகித்துக்கொண்டாள். ஊகித்துக்கொண்ட பிறகும் அதைத் தொடும்போது, சுட்ட மண்ணைத் தொடுவது போல இல்லை. தூங்குகிறவளின் கன்னத்தைத் தொடுவது போலிருந்தது.

இப்போது அது நிற்குமா என்று தெரிய வேண்டும். தண்ணீர் படக்கூடாது, ஆனால் ஈரம் பட்டுப் பார்க்காமல் கொடுக்க அவளுக்கு மனம் வராது. ஜெகதீசன் பம்பை அடிக்கும்போது, எல்லார் கண் முன்னாலும் டிக் என்றால், கலைமதிக்கு இந்த ஜென்மத்தில் கல்யாணம் இல்லை. ஆகவே கடல்காற்று வரும் நேரமாகப் பார்த்து வேணி கலயத்தை மடியில் வைத்துக்கொண்டு, அதன் வாயில் தன் மூச்சை விட்டாள். வெறும் மூச்சை விடுவது என்னவோ போலிருந்தது. பேசினாள். முன்பின் பார்த்திராத ஒரு பெண்ணிடம் என்ன பேசுவது? இன்றைக்கு வைத்த கருவாட்டுக் குழம்பைப் பற்றிச் சொன்னாள். சவுக்கு மிளாறு ஈரமாக வந்திருப்பதைச் சொன்னாள். ஒவ்வொரு நாளும் இப்படிச் செய்தாள். வேங்கடேசன் ஒருநாள் வாசலில் நின்று பார்த்துவிட்டான்.

"யாராண்ட பேசிக்கினு இருக்க?"

"பானையாண்ட."

"அது இன்னா சொல்லுது?"

"ஒண்ணும் சொல்ல மாட்டேங்குது. அதான் நல்லது."

கலயம் எதுவும் சொல்லவில்லைதான். ஆனால் ஒரு மத்தியானம் அவள் பேசி முடித்து முகத்தை எடுத்த பிறகும், கலயத்தின் வாயிலிருந்து காற்று அவள் கன்னத்தின் மேல் கொஞ்ச நேரம் வந்துகொண்டிருந்தது. சில்லென்று இருந்தது. பானைக்குள் போன காற்று திரும்பி வரும்தானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அதைத் துணியால் மூடினாள். அவள் விட்ட மூச்சு அவ்வளவு குளிர்ச்சியாக இருந்திருக்க முடியாது என்பதை யாரிடமும் சொல்லவில்லை.

அழைக்கும் நாள் குறித்ததும் கலயத்தை அவளே மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் போனாள். வேகத்தடை வந்தால் வேங்கடேசன் வண்டியை நிறுத்தியே ஏற்றினான். கிணற்றுமேட்டில் சாமான்கள் பரப்பியிருந்தன. பூ, மஞ்சள், மடித்த பட்டுப் பாவாடை. ஜெகதீசன் பம்பையைக் குச்சியால் தடவிச் சுருதி பார்த்துக்கொண்டிருந்தார். கோபியின் அம்மாவும் அத்தையும் ஒதுங்கி நின்றார்கள். அவர்கள் கண் ஆட்டோ நின்றதிலிருந்து வேணியின் மடியில்தான் இருந்தது. மல்லாட்டைக் கொல்லை தாண்டி வெயில் சாய்ந்து, கிணற்றுக்குள் பாதி மட்டும் வெளிச்சமாக இருந்தது. கலைமதி படியில் இறங்காமல் மேலேயே, தாய்க்குப் பின்னால், கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

வேணி துணியைப் பிரித்தாள். நிறத்தைப் பார்த்ததும் ஏதாவது சொல்வார்கள் என்று பயந்திருந்தாள். மாப்பிள்ளை வீட்டு அத்தை முணுமுணுக்கத்தான் செய்தாள், இது என்ன கலயம், செவந்து இல்லையே என்று. ஜெகதீசன் பம்பையைத் தடவுவதை நிறுத்தினார்.

வெள்ளையம்மாள் பக்கத்தில் வந்தாள். தொடாமல் முதலில் பார்த்தாள். புறங்கையால் கலயத்தின் தோளைத் தடவினாள்.

"இது அவ நெறம்," என்றாள்.

கலைமதி கட்டியிருந்த கைகளை அவிழ்த்து, எட்டிப் பார்த்தாள். அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறுவதை வேணி பார்த்தாள். பயம் அப்படியே இருந்தது. ஆனால் அவள் ஓர் அடி முன்னால் வந்தாள், கூட்டத்தில் தெரிந்த ஒருத்தியைக் கண்டவளைப் போல. குனிந்து, கலயத்தின் வாய்க்குப் பக்கத்தில் முகத்தை வைத்தாள். இந்தத் தடவை எதையும் கேட்கவில்லை. மூச்சை மட்டும் விட்டாள். கிணற்றுமேட்டில் அத்தனை பேரும் காதைக் கொடுத்து நின்றார்கள். கிணற்றுக்குள் ஒரு தவளை தண்ணீரில் விழுந்தது. கலயம் சும்மா இருந்தது.

ஜெகதீசன் பம்பையைத் தோளில் மாட்டினார்.

வெள்ளையம்மாள் முந்தானையை விரித்துக் கலயத்துக்கு அடியில் கையைக் கொடுத்தாள். வேணியும் இறக்கினாள். ஆனால் கனம் கை மாறவில்லை. தன் விரல்கள் கலயத்தின் அடியை இன்னும் பற்றிக்கொண்டிருப்பதை வேணி பார்த்தாள். விட வேண்டும் என்று நினைத்தாள், விரல் நகரவில்லை. இத்தனை நாள் மத்தியானத்தில் பேசியதெல்லாம் உள்ளே இருப்பது போல இருந்தது. வெள்ளையம்மாள் அவசரப்படுத்தவில்லை. தன் கையை வேணியின் கைக்கு அடியில் வைத்து, ஒவ்வொரு விரலாகத் தள்ளினாள்.

"வுடு வேணி. நான் புடிச்சிக்கினேன்."

வேணி விட்டாள்.